பெசோவாவின் முதற்பதிப்புகள்: எந்த வரிசையைச் சேர்ப்பது?

போர்த்துகீசியக் கவிஞர் பெர்னாண்டோ பெசோவாவின் முதற்பதிப்புகளைச் சேர்க்கத் தொடங்குகிறவர் வெகு சீக்கிரம் ஒரு சிக்கலில் வந்து நிற்பார். 1935 நவம்பர் 30 அன்று லிஸ்பன் நகரில் தம் 47ஆம் வயதில் அவர் இறந்தபோது, தாய்மொழியான போர்த்துகீசில் அவர் கொண்டுவந்திருந்த கவிதை நூல் ஒன்றே ஒன்று: 1934இல் வெளியான 'மென்சாஜெம்'. ஆங்கிலத்தில் எழுதி அவரே அச்சிட்ட சில மெல்லிய பிரசுரங்கள் உண்டு. மற்றவை இதழ்களில் சிதறிக் கிடந்தன, அல்லது கையெழுத்தாகவே இருந்தன. பெசோவா என்று உலகம் இன்று படிப்பதில் பெரும்பகுதி அவர் அச்சில் பார்க்காதது. எனவே அவருடைய முதற்பதிப்பைச் சேர்ப்பது என்றால், அவர் தாள்களைப் பிரித்து, படித்து, வரிசைப்படுத்திய பிறருடைய உழைப்பைச் சேர்ப்பது என்றுதான் பெரும்பாலும் பொருள்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பெசோவாவைச் சேர்ப்பதன் ருசியே இதில்தான் இருக்கிறது. ஆனால் காசை எடுக்கும் முன் யாருடைய முதற்பதிப்பு வேண்டும் என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும். அவர் உயிரோடு இருந்தபோது வந்தவை ஒரு வழி. 1942 தொடங்கி லிஸ்பனின் ஆட்டிகா பதிப்பகம் கொண்டுவந்த தொகுதிகள் இன்னொரு வழி. 1982இல் முதன்முதலாக நூல் வடிவம் பெற்ற 'லிவ்ரு து தெசஸ்ஸொசெகு' ('அமைதியின்மையின் புத்தகம்') என்ற உரைநடை நூலையும், அதே நூலுக்குப் பின்னர் வந்த போட்டிப் பதிப்புகளையும் தொடர்ந்து போவது மூன்றாவது. ஆங்கில மொழிபெயர்ப்புகளின் முதற்பதிப்புகள் நான்காவது. நான் மூன்றாவது வழியின் பக்கம். போர்த்துகீசு தெரியாதவருக்கு அதே மூன்றாவது வழி நான்காவதின் வாசல் வழியாகவே திறக்கும் என்பதும் என் எண்ணம். 

சேர்ப்பவருக்குத் தேவையான அளவுக்கு மட்டும் ஆளைப் பற்றி. லிஸ்பனின் வணிக நிறுவனங்களுக்கு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கடிதம் எழுதிக் கொடுப்பது அவர் பிழைப்பு. தாம் கற்பனையில் படைத்த பிறர் பெயரில் எழுதுவது அவர் வாழ்க்கை. ஆல்பர்டோ கயெய்ரோ, ரிகார்டோ ரெயிஸ், ஆல்வரோ த காம்போஸ் ஆகிய மூவரையும் வெறும் புனைபெயர்கள் என்று தள்ளிவிட முடியாது. ஒவ்வொருவருக்கும் பிறந்த நாள், வாழ்க்கைக் கதை, உடல்வாகு, தனி நடை எல்லாம் உண்டு. ஜோதிடத்தில் ஆழ்ந்திருந்த பெசோவா அவர்களுக்கு ஜாதகமும் கணித்து வைத்தார். 1914 மார்ச் 8 அன்று கயெய்ரோ தமக்குள் தோன்றியதை, 1935 ஜனவரியில் விமர்சகர் அடால்ஃபோ காசைஸ் மொன்தெய்ரோவுக்கு எழுதிய கடிதத்தில் விவரித்திருக்கிறார். 1930இல் ஆங்கில மாந்திரீகர் அலிஸ்டர் க்ரௌலி கஷ்காய்ஷ் அருகே கடலோரப் பாறையில் தற்கொலை செய்துகொண்டதாக நாடகமாடியபோது அதற்குத் துணை நின்றவரும் இவரே. எழுதியதையெல்லாம் ஒரு மரப்பெட்டியில் போட்டு வைத்தார். 25,000க்கும் மேற்பட்ட தாள்கள். நிறுவனங்களின் கடிதத் தாள், உறையின் பின்புறம், விளம்பரத் துண்டு என்று கைக்கு வந்ததில் எல்லாம் எழுதியிருக்கிறார். 1979இல் போர்த்துகலின் தேசிய நூலகம் அவற்றை வாங்கியது. 2009இல் அந்தத் தொகுதி தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டது. ஆகவே கையெழுத்துத் தாள் கிடைக்குமா என்ற ஆசையை ஆரம்பத்திலேயே விட்டுவிடலாம். நமக்கு உள்ளது அச்சுதான்.

உயிரோடு இருந்தபோது வந்தவை

இந்த வழியைச் சுருக்கமாகவே பார்க்கலாம், ஏனென்றால் பெரும்பாலானோருக்கு இது எட்டாது. 'மென்சாஜெம்' முதற்பதிப்பைத் தேடாத போர்த்துகீசியச் சேகரிப்பாளரே இல்லை. 1915இல் இரண்டே இதழ்கள் வந்து நின்றுபோன 'ஒர்ஃபேவு' அதைவிட அரிது. 1918இல் வந்த '35 சானெட்ஸ்', 'ஆன்டினஸ்', 1921இல் அவரே நடத்திய ஒலிசிப்போ பதிப்பகத்தில் வந்த ஆங்கிலக் கவிதைப் பிரசுரங்கள் எல்லாம் குறைவாக அச்சிடப்பட்ட மெல்லிய ஏடுகள். நல்ல நிலையில் கிடைப்பது கஷ்டம்.

இந்த வழியில் ஆசை உள்ளவருக்கு ஒரு யோசனை. முழு நூல்களை விட்டுவிட்டு, இதழ்களில் வந்த முதல் வெளியீடுகளைப் பார்க்கலாம். ரெயிஸின் பாடல்கள் 1924இல் 'அத்தேனா' இதழில் வந்தன. கயெய்ரோவின் கவிதைகள் 1925இல் அதே இதழில் வந்தன. 1927 முதல் கொயிம்ப்ராவில் வெளிவந்த 'ப்ரெசென்சா' இதழிலும் அவர் எழுதினார். பெசோவா தாமே கண்ணால் பார்த்து அச்சுக்கு அனுப்பிய வாசகம் இவற்றில்தான் இருக்கிறது. ஆனால் இறந்த பின் வந்த எழுத்தைச் சேர்ப்பது நம் நோக்கமென்றால் இவை துணைக்குத்தான், மையத்துக்கு அல்ல.

ஆட்டிகா தொகுதிகள்

'போர்த்துகீசில் பெசோவா முதற்பதிப்பு' என்று பழைய புத்தக வியாபாரி சொன்னால் பெரும்பாலும் அவர் கையில் இருப்பது ஆட்டிகாவின் தொகுதி. 1942இல் ஜொவாவ் காஸ்பர் சிமொய்ஷும் லூயிஷ் த மொன்தல்வோரும் சேர்ந்து இந்த வரிசையைத் தொடங்கினார்கள். மொன்தல்வோர் 'ஒர்ஃபேவு' காலத்து நண்பர். சிமொய்ஷ் 'ப்ரெசென்சா' இதழை நடத்தியவர்களில் ஒருவர். 1950இல் பெசோவாவின் முதல் பெரிய வாழ்க்கை வரலாற்றையும் எழுதியவர். முதல் தொகுதி 1942இல் பெசோவாவின் சொந்தப் பெயரில் உள்ள கவிதைகள். 1944இல் காம்போஸ். 1946இல் கயெய்ரோவும் ரெயிஸும். இந்த நான்கும்தான் வரிசையின் இதயம். பின்னர் 1952இல் நாடகக் கவிதைகள், 1955-56இல் அச்சேறாத கவிதைகள் இரண்டு தொகுதிகள், 1965இல் நாட்டுப்புறச் சாயலில் எழுதிய நாலடிப் பாடல்கள், 1970களில் மேலும் சில.

இந்த வரிசையின் பெரிய பலம் அதன் விளைவு. போர்த்துகல் பெசோவாவைக் கண்டுகொண்டது இந்தப் புத்தகங்கள் வழியாகத்தான். அதற்கு முன் 'ஆல்வரோ த காம்போஸ்' என்ற பெயர் சில இதழ்களின் பழைய வாசகர்களுக்கு மட்டுமே தெரிந்த ஒன்று. 1944இல் அந்தப் பெயர் ஒரு நூலின் தலைப்பில் ஏறி நின்றது. இல்லாத ஒரு மனிதனுடைய கவிதைத் தொகுப்பின் முதற்பதிப்பை அலமாரியில் வைத்திருப்பது தனியான சந்தோஷம். அதை நான் குறைத்து மதிக்கமாட்டேன்.

பலவீனம் வாசகத்தில் இருக்கிறது. 1911இல் போர்த்துகலில் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது; பெசோவா அதை ஏற்காமல் கடைசிவரை பழைய எழுத்திலேயே எழுதினார். ஆட்டிகா தொகுதிகள் அதைப் புது எழுத்துக்கு மாற்றிவிட்டன. அவர் கையெழுத்து படிக்கக் கடினமானது. ஒரே சொல்லுக்கு மேலே இரண்டு மூன்று மாற்றுச் சொற்களை எழுதி, எதையும் அடிக்காமல் விட்டுவிடுவார். பதிப்பாசிரியர்கள் அவற்றில் ஒன்றைத் தேர்ந்து அச்சிட்டார்கள். எது விடப்பட்டது என்று வாசகருக்குத் தெரியாது. 1990இல் அரசு அச்சகமான இம்ப்ரென்சா நசியோனால் கொண்டுவரத் தொடங்கிய செம்பதிப்பு வரிசை இவற்றையெல்லாம் மறுபடி மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்தது; அந்த வரிசையும் காம்போஸில்தான் தொடங்கியது. வாசகத்தின் நம்பகம்தான் வேண்டும் என்பவர் ஆட்டிகாவை வாங்கவே வேண்டாம், செம்பதிப்பே போதும். செம்பதிப்பைச் சேர்ப்பது ஆய்வாளரின் வேலை என்பதால் அதை இங்கே தனி வழியாக எண்ணவில்லை.

அதே 1942இல் காசைஸ் மொன்தெய்ரோ தேர்ந்தெடுத்த ஒரு தொகைநூலும் வெளிவந்தது. ஆகவே 'இறந்த பின் வந்த முதல் தொகுப்பு எது' என்ற கேள்விக்குக்கூட ஒற்றைப் பதில் சொல்லிவிட முடியாது. வரிசையாகச் சேர்க்கிறவர் இதையும் கவனத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

வாங்கும்போது உள்ள ஆபத்து மறுஅச்சு. ஆட்டிகா இந்தத் தொகுதிகளைப் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப அச்சிட்டது. புகைப்படத்தில் முன்னட்டையை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பக் கூடாது. தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், நூலின் கடைசியில் அச்சு முடிந்த விவரம் உள்ள பக்கம் மூன்றையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முழு வரிசையாக விற்கப்படுவதில் முதல் இரண்டு தொகுதிகள் முதற்பதிப்பாகவும் மீதி பிந்தைய அச்சாகவும் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு தொகுதிக்கும் தனித்தனியே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொன்று கட்டு. அந்தக் காலத்து போர்த்துகீசிய நூல்கள் பெரும்பாலும் காகித அட்டையோடு, பக்கங்கள் மடிப்பு வெட்டாமல் விற்பனைக்கு வந்தன. வாங்கியவர் தம் விருப்பப்படி தோலில் பைண்டு செய்துகொள்வார். அப்போது ஓரங்களை இயந்திரத்தில் வெட்டி, காகித அட்டையைத் தூக்கிப் போட்டுவிடுவதும் நடந்திருக்கிறது. தோல் கட்டு அழகாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். அசல் அட்டையை உள்ளே சேர்த்துக் கட்டியிருக்கிறார்களா, ஓரம் வெட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள். போர்த்துகீசிய வியாபாரிகளின் பட்டியலில் இந்த இரண்டும் வழக்கமாகக் குறிப்பிடப்படும்; குறிப்பிடாவிட்டால் கேட்க வேண்டும். என் விருப்பம், கொஞ்சம் கசங்கியிருந்தாலும் அசல் காகித அட்டையில் இருக்கும் பிரதிதான்.

ஒரே நூல், பல முதற்பதிப்புகள்

இனி 'லிவ்ரு து தெசஸ்ஸொசெகு'. தமிழில் 'அமைதியின்மையின் புத்தகம்' என்று சொல்லிக்கொள்வோம். ருவா துஷ் தொராடோரஷ் என்ற லிஸ்பன் தெருவில் ஒரு அலுவலகத்தில் உதவிக் கணக்கராக இருக்கும் பெர்னார்டோ சோரெஸ் எழுதியதாகச் சொல்லப்படும் உரைநடைக் குறிப்புகள். 1913இல் 'ஆ ஆகியா' இதழில் அதன் முதல் துண்டு வெளிவந்தது. அப்போது சோரெஸ் அதன் ஆசிரியர் ஆகியிருக்கவில்லை. இடையில் விசெந்தி கெதஷ் என்ற இன்னொருவர் பெயரிலும் பெசோவா அதை வைத்திருந்தார். 1920களில் பல ஆண்டுகள் கைவிட்டு, 1929இல் மறுபடி எடுத்து 1934 வரை எழுதினார். வாழ்நாளில் அதிலிருந்து ஒரு டஜன் அளவுக்கான துண்டுகளே இதழ்களில் வந்தன. மீதி மரப்பெட்டியில் கிடந்தது. சில தாள்களின் தலையில் நூலின் பெயரைச் சுருக்கமாக எழுதி வைத்திருந்தார். சிலவற்றில் கேள்விக்குறியோடு எழுதியிருந்தார். பலவற்றில் எதுவும் இல்லை. வரிசை எண் கிடையாது.

இந்தத் தாள்களை நூலாக்கும் வேலையை 1960களில் கவிஞர் ஜோர்ஜ் த சேனா ஏற்றுக்கொண்டு, முடிக்காமலே 1969இல் விட்டுவிட்டார். கடைசியில் 1982இல் மரிய அலியெத்தி கல்யோஷும் தெரெசா சொப்ரால் குன்யாவும் தாள்களைத் தேடிப் படியெடுக்க, ஜசிந்து து ப்ராது கொயேலியு ஒழுங்குபடுத்தி, முன்னுரை எழுதி, ஆட்டிகா இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. 520 துண்டுகள். ஆசிரியர் இறந்து 47 ஆண்டுகள் கழித்து, அவர் வாழ்ந்த வயதுக்குச் சமமான காலம் காத்திருந்து வந்த நூல்.

தமிழில் ஏட்டுச் சுவடிப் பதிப்புகளை அறிந்தவர்களுக்கு இதன் அருமை உடனே புரியும். 1887இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த சீவக சிந்தாமணியின் முதற்பதிப்பை நாம் மதிப்பது திருத்தக்கதேவருக்காக மட்டுமா? பாடபேதங்களைத் தீர்த்த அந்தப் பதிப்பாசிரியருக்காகவும்தானே. ஆனால் சுவடியில் பாட்டுகளின் வரிசை இருந்தது. பெசோவாவின் தாள்களில் அதுவும் இல்லை. இங்கே பதிப்பாசிரியர் வாசகத்தைத் தீர்ப்பதோடு நூலின் உருவத்தையே தீர்க்க வேண்டியிருந்தது. எது முதல் பக்கம், எது கடைசிப் பக்கம் என்பதே ஒவ்வொருவர் பதிப்பிலும் மாறும்.

1982க்குப் பின் நடந்தது இதைத்தான் காட்டுகிறது. ப்ராது கொயேலியு பொருள் அடிப்படையில் துண்டுகளைச் சேர்த்திருந்தார். 1985 இறுதியோடு பெசோவாவின் காப்புரிமைக் காலமான 50 ஆண்டுகள் முடிந்ததும் வேறு பதிப்பகங்களுக்கு வழி திறந்தது. 1986இல் அந்தோனியு க்வாத்ருஷ் ஒரு மலிவுப் பதிப்பைக் கொண்டுவந்தார். 1990-91இல், 1982 குழுவில் இருந்த சொப்ரால் குன்யாவே தனியாக ஒரு பதிப்பை ப்ரெசென்சா பதிப்பகத்தில் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். அதில் கெதஷுக்கும் உரிய இடம் கிடைத்தது. பின்னர் ஐரோப்பியச் சட்டம் காப்புரிமையை 70 ஆண்டுகளாக்கியது, பெசோவா மறுபடி 2005 இறுதி வரை உரிமைக்குள் போனார். அந்த இடைவெளியில், 1998இல், ரிச்சர்ட் ஜெனித் பதிப்பித்த நூல் அசீரியு & அல்வின் பதிப்பகத்தில் வந்தது. தேதியிட்ட பிற்காலத் துண்டுகளை முதுகெலும்பாக வைத்து மற்றவற்றை இடையிடையே கோத்து, நீண்ட முற்காலப் பகுதிகளைத் தனியே பின்னால் வைத்தார். 2010இல் ஜெரோனிமோ பிசாரோ செய்த செம்பதிப்பு அரசு அச்சகத்தில் வந்தது. அது காலவரிசையில் போகிறது: முதலில் 1913 தொடங்கும் கட்டம், பிறகு 1929 தொடங்கும் கட்டம். தலைப்பையே பெசோவாவின் பழைய எழுத்தில் 'தெசசொசேகு' என்ற வடிவில் அச்சிட்டார்கள். தேடும்போது இந்த எழுத்து வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பட்டியலில் தவறவிடமாட்டீர்கள்.

ஒரே தாள் குவியலிலிருந்து எழுந்த வெவ்வேறு நூல்கள் இவை. இவற்றை அடுத்தடுத்து வைத்தால், பெசோவா முடிக்காமல் விட்டது என்ன என்று அலமாரியே சொல்லும். ஆட்டிகா கவிதைத் தொகுதிகளில் இந்த அனுபவம் இல்லை. அங்கே கவிதை எப்படியோ ஒரு கவிதையாக இருந்தது. விலையிலும் வித்தியாசம் உண்டு. 1940களின் தொகுதிகளோடு ஒப்பிட்டால் 1982ம் அதற்குப் பின் வந்தவையும் இன்னும் சாதாரண வாசகர் வாங்கக்கூடியவை. க்வாத்ருஷின் மலிவுப் பதிப்பை எந்தப் பெரிய வியாபாரியும் அருமையாகப் பேசமாட்டார், அதனாலேயே குறைந்த விலையில் கிடைக்கும். மலிவுத் தாளில் அச்சானது என்பதால் பழுப்பேறாத பிரதியைப் பொறுமையாகத் தேட வேண்டும். 

1982 பதிப்பை வாங்கும்போது இரண்டு தொகுதிகளும் ஒரே அச்சைச் சேர்ந்தவையா என்று பாருங்கள். முதல் தொகுதியை ஓரிடத்திலும் இரண்டாவதை இன்னோரிடத்திலும் வாங்குவதில் தவறில்லை, ஆனால் ஒற்றைத் தொகுதியை 'முழு நூல்' என்று எண்ணி வாங்கிவிடக் கூடாது.

இவற்றையெல்லாம் ஒப்பிட்டுப் படிக்க ஒரு நல்ல துணை இருக்கிறது. கொயிம்ப்ரா பல்கலைக்கழகத்தில் மனுவெல் போர்தெலாவின் தலைமையில் உருவான இணையக் களஞ்சியம் ஒன்று, ப்ராது கொயேலியு, சொப்ரால் குன்யா, ஜெனித், பிசாரோ ஆகிய நால்வரின் பதிப்புகளையும், தாள்களின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுகிறது. ஒரு துண்டு ஒருவர் பதிப்பில் எந்த எண்ணில் இருக்கிறது, இன்னொருவர் பதிப்பில் எங்கே போனது என்று பார்க்கலாம். கட்டணம் இல்லை. வாங்கும் முன் ஒரு மாலைப் பொழுதை அதில் செலவிட்டால், இந்த வழி உங்களுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று தெரிந்துவிடும்.

ஆங்கிலத்தின் 1991

போர்த்துகீசு படிக்காதவர் போர்த்துகீசிய நூல்களை வாங்கி அடுக்கி என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. படிக்க முடியாத நூலைச் சேர்ப்பதில் எனக்கும் ஆர்வமில்லை. அவர்களுக்காகவே 1991 என்ற ஆண்டு இருக்கிறது.

அந்த ஓர் ஆண்டில் 'அமைதியின்மையின் புத்தகம்' நான்கு வெவ்வேறு ஆங்கில மொழிபெயர்ப்புகளில் வந்தது. நியூயார்க்கில் பாந்தியன் வெளியிட்டது ஆல்ஃப்ரெட் மக் ஆடம் செய்தது. லண்டனில் சர்ப்பென்ட்ஸ் டெயில் வெளியிட்டது மார்கரெட் ஜல் கோஸ்டா செய்தது. அதே லண்டனில் குவார்ட்டெட் வெளியிட்டது இயன் வாட்சன் செய்தது. மான்செஸ்டரில் கார்கனெட் வெளியிட்டது ரிச்சர்ட் ஜெனித் செய்தது. இதன் தலைப்பு மட்டும் 'புக் ஆஃப் டிஸ்குவயட்டியூட்' என்று இருப்பதால் தேடும்போது கவனம் வேண்டும். முழு நூல் வேண்டுமென்றால் கார்கனெட் பதிப்பைப் பாருங்கள். ஜல் கோஸ்டாவும் வாட்சனும் செய்தவை தேர்ந்தெடுத்த பகுதிகள்.

உலக அளவில் பார்த்தால் இவை பிந்தி வந்தவை. ஸ்பானிய மொழியில் ஆங்ஹெல் க்ரெஸ்போ 1984லேயே கொண்டுவந்துவிட்டார்; ஜெர்மனும் இத்தாலியும் 1985, 1986இல் வந்தன. இந்த மொழிகளில் ஏதாவது தெரிந்தவருக்கு அந்த முதற்பதிப்புகளே முந்தியவை. ஆங்கிலத்தில் படிப்பவருக்கு, நான்கையும் சேர்ப்பது ஒரு முழுமையான, அளவான இலக்கு. நூலகத்திலிருந்து கழிக்கப்பட்ட பிரதிகள் சந்தையில் அதிகம் வரும். உள்ளே முத்திரையும் அட்டைப் பையும் இருந்தால் விலை குறையும். படிக்க மட்டும் வேண்டுமென்றால் அதுவே போதும். சேகரிப்புக்கு என்றால் முத்திரை இல்லாத பிரதியைத் தேடுங்கள், கெட்டி அட்டை நூலுக்கு மேலுறை இருக்கிறதா என்றும் பாருங்கள். மேலுறை இல்லாத பாந்தியன் பிரதிக்கு முதற்பதிப்பின் விலை கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் நான்கையும் சேர்ப்பதை விட நல்ல தேர்வு ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். ஜல் கோஸ்டா 1991இல் மொழிபெயர்த்தது, மரியா ஜோசே த லன்காஸ்த்ரே தேர்ந்தெடுத்த வரிசையை. 2017இல் அவரே பிசாரோவின் பதிப்பை அடிப்படையாக வைத்து முழு நூலையும் கொடுத்தார். மொழிபெயர்ப்பாளர் ஒருவர், பதிப்பாசிரியர்கள் இருவர். இந்த இரண்டையும் வாங்கினால், பதிப்பாசிரியர் மாறும்போது நூல் எப்படி மாறுகிறது என்பதை மொழிபெயர்ப்பு நடையின் வேறுபாடு அதிகம் குறுக்கிடாமல் பார்க்கலாம். அதேபோல ஜெனித்தின் 1991 கார்கனெட் பதிப்பையும், 2001இல் பெங்குவின் நிறுவனத்தின் ஆலன் லேன் வெளியிட்ட அவருடைய புதிய வடிவத்தையும் சேர்த்து வைக்கலாம். மொழிபெயர்ப்பாளராக வந்தவர் இடையில் 1998இல் போர்த்துகீசுப் பதிப்பாசிரியராகவும் ஆனார். அந்த மாற்றம் இந்த இரண்டு நூல்களுக்கும் நடுவில் நிகழ்ந்தது. இந்த நான்கு புத்தகங்களும் இருந்தால், போர்த்துகீசு தெரியாமலே மூன்றாவது வழியின் சாரத்தில் பெரும்பங்கு கிடைத்துவிடும்.

யாருக்கு எது

போர்த்துகீசு படிப்பவர், கவிதையே முதன்மை என்பவர், கையில் தாராளமாக உள்ளவர் ஆட்டிகாவின் முதல் நான்கு தொகுதிகளுக்குப் போகட்டும். முழு வரிசையையும் துரத்த வேண்டாம். 1950களுக்குப் பின் வந்தவை எண்ணிக்கையை நிரப்பும், ஆனால் 1942-46 நான்கும் தரும் வேகம் அவற்றில் இல்லை. நான்கில் ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் 1944 காம்போஸ் என் தேர்வு. முதல் தொகுதியான 1942க்குத்தான் வியாபாரிகள் அதிக மரியாதை கொடுப்பார்கள் என்றாலும், அது பெசோவாவின் சொந்தப் பெயரில் வந்தது. இந்த மனிதரின் விசித்திரம் காம்போஸில்தான் முழுதாக நூலேறுகிறது.

போர்த்துகீசு படிப்பவர், ஆனால் அளவோடு செலவு செய்பவர் 1982 இரட்டைத் தொகுதியில் தொடங்கி, 1990-91, 1998, 2010 என்று போகலாம். க்வாத்ருஷ் பதிப்பு கண்ணில் பட்டால் எடுத்துக்கொள்ளலாம். 2010 செம்பதிப்பு ஆய்வு நூல் என்பதால் விலை கூடுதலாக இருக்கலாம், அதைக் கடைசியில் வாங்கினால் போதும். பிசாரோவின் வாசகத்தைப் படிக்க மட்டும் வேண்டுமென்றால் 2013இல் திந்தா-த-ஷீனா வெளியிட்ட பொதுப் பதிப்பு இருக்கிறது.

ஆங்கிலம் மட்டும் படிப்பவர் மேலே சொன்ன இரண்டு இணைகளோடு நின்றுகொள்ளலாம். நான்கு மொழிபெயர்ப்பாளர்களையும் ஒப்பிடும் ஆசை வந்தால் மக் ஆடமும் வாட்சனும் பிறகு சேரட்டும்.

இந்தப் பட்டியல்களுக்குள் வராத, கவனிப்புக் குறைவாக உள்ள ஒரு மூலையையும் சொல்லியாக வேண்டும். 1966இல் ஆட்டிகா பெசோவாவின் உரைநடைத் தாள்களைத் தனித் தொகுதிகளாகக் கொண்டுவரத் தொடங்கியது. அந்த ஆண்டுத் தொகுதிகள் கெயார்க் ருடால்ஃப் லிந்தும் ப்ராது கொயேலியுவும் பதிப்பித்தவை. தம்மைப் பற்றியும் தம் மாற்று ஆட்களைப் பற்றியும் அவர் எழுதிக்கொண்ட குறிப்புகள் ஒன்றில். அழகியல், இலக்கியக் கொள்கை பற்றியவை இன்னொன்றில். 1968இல் தத்துவக் குறிப்புகள் இரண்டு தொகுதிகளாக வந்தன. அச்சேறாமல் கிடந்த பெசோவாவின் உரைநடை விரிவாக வெளிப்பட்டது இவற்றில்தான், 'அமைதியின்மையின் புத்தகம்' வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே. கவிதைத் தொகுதிகளுக்கு உள்ள போட்டி இவற்றுக்கு இல்லை. போர்த்துகீசு படிக்கிறவர் எந்த வழியைத் தேர்ந்தாலும், 1966ஆம் ஆண்டுத் தொகுதிகள் அசல் காகித அட்டையோடு எங்காவது கண்ணில் பட்டால், பட்டியலில் அடுத்தது எது என்று யோசிக்காமல் முதலில் அவற்றை வாங்கிவிட வேண்டும்.